மெஷின் மண்மேட்டை வெட்டும்போது பக்கத்துல நிக்கிற ஆர்க்கியாலஜிஸ்ட் என்னதான் பண்றார்?

கேள்வியை ஒரு தடவை சுருக்கி எழுதிடறேன், இல்லன்னா பதில் எங்கயோ போயிடும். இங்கிலாந்துல லண்டன்லேர்ந்து பர்மிங்ஹாம் போற எச்எஸ்2 அதிவேக ரயில் பாதைக்காக, சில்டர்ன் மலைப்பகுதியில இருக்கிற கிரிம்ஸ் டிச்ங்கிற வரலாற்றுக்கு முந்தைய மண்மேட்டுல ஒரு பகுதியை எடுத்துடறாங்க, அதுக்கு "தொல்லியல் கண்காணிப்பு" உண்டுன்னு போட்டிருக்கு, கண்காணிப்புன்னா ஹெல்மெட் போட்டுகிட்டு ஒருத்தர் மெஷின் பக்கத்துல நின்னு வேடிக்கை பார்க்கிறதுதானே, இடிக்கிறதுக்கு ஒரு ரப்பர் ஸ்டாம்ப்தானேன்னு கேட்டிருக்கீங்க. இதுல ரெண்டு கேள்வி இருக்கு. அந்த ஆள் அங்க நிக்கிறதால புதுசா ஏதாவது தெரிய வருதா? மெஷினை நிறுத்துன்னு சொல்ல அவருக்கு அதிகாரம் இருக்கா? முதல் கேள்விக்கு நிறைய சொல்லலாம். ரெண்டாவதுக்கு பதில் சின்னது, ஆனா உங்க கோபம் அங்கதான் இருக்குன்னு நினைக்கிறேன், அதுல நியாயமும் இருக்கு.

நான் இங்க இங்கிலாந்துல ரோடு, பைப்லைன், வீட்டு மனைன்னு கட்டுமான வேலைக்கு முன்னாடி நடக்கிற தொல்லியல்ல பல வருஷமா இருக்கேன், மண் அடுக்கு, சாம்பிள் எடுக்கிறது அந்தப் பக்கம்தான் என் வேலை. கிரிம்ஸ் டிச்ல எச்எஸ்2 டீம்ல நான் இல்ல. அதனால அந்த ட்ரெஞ்சுல என்ன கிடைச்சுதுங்கிற பேச்சுக்கே நான் போகல, இந்த மாதிரி மண்மேட்டுல வேலை எப்படி நடக்கும், அதுலேர்ந்து எதைத் தெரிஞ்சுக்கலாம், எதைத் தெரிஞ்சுக்க முடியாது, அவ்வளவுதான் சொல்றேன்.

முதல்ல அந்தப் பொருள் என்னன்னு பார்த்துடலாம். பக்கிங்ஹாம்ஷயர்ல பிராடன்ஹாம் பக்கத்துலேர்ந்து பிட்ஸ்டோன் பக்கம் வரைக்கும் காடு, வயல், கோல்ஃப் மைதானம் எல்லாத்துக்கும் நடுவுல விட்டு விட்டு போற ஒரு நீளமான பள்ளம், அந்தப் பள்ளத்துல வெட்டின மண்ணை ஒரு பக்கமா கொட்டினதுல வந்த கரை. காட்டுக்குள்ள ஆள் உயரத்துக்கு நல்லா தெரியும், உழுத வயல்ல வந்தா ஒரு லேசான அலை மாதிரிதான் இருக்கும், தெரியாதவங்க மிதிச்சுட்டே போயிடுவாங்க. எச்எஸ்2 பாதை சில்டர்ன் சுரங்கத்துக்குள்ள 16 கிமீ ஓடி சவுத் ஹீத் பக்கத்துல வெளிய வருது, அங்கேர்ந்து வெண்டோவர் போற வழியிலதான் இந்த மேட்டைக் குறுக்க வெட்டுது. மனுஷன் வெட்டினதுதாங்கிறதுல சந்தேகம் கிடையாது. ரோமானியர் கிபி 43ல படையெடுத்து வர்றதுக்கு முன்னாடியே, இரும்புக்காலத்துல வெட்டினதுங்கிறது பெரும்பாலானவங்க ஏத்துக்கிற விஷயம். ஆனா எந்த நூற்றாண்டு, எல்லா துண்டும் ஒரே காலத்துல வெட்டினதா, ஒரே ஆளுங்க வெட்டினதா, எதுக்கு வெட்டினாங்கன்னு கேட்டா அங்கேர்ந்து எல்லாம் ஊகம்தான். படையைத் தடுக்கிற அரண் மாதிரி இல்ல, பல இடத்துல அதுக்கு உபயோகமே இல்லாத சரிவுல போகுது. மேய்ச்சல் நில எல்லையா இருக்கலாம், மாடு திருட்டை கொஞ்சம் கஷ்டமாக்குற வேலியா இருக்கலாம், "இதுக்கு அந்தப் பக்கம் நீங்க, இந்தப் பக்கம் நாங்க"ன்னு ஊருக்கே தெரியுற மாதிரி போட்ட கோடா இருக்கலாம். இதே பேர்ல ஆக்ஸ்ஃபோர்ட்ஷயர்ல, லண்டன் ஹாரோ பக்கத்துலன்னு வேற மேடுகளும் இருக்கு, பேர் ஒண்ணுங்கிறதுக்காக எல்லாத்தையும் ஒரே திட்டம்னு சேர்த்துடக் கூடாது, பழைய ஆளுங்க சிலர் அப்படித்தான் சேர்த்து எழுதினாங்க.

இப்ப கண்காணிப்புக்கு வரேன். இது கடைசி வலைங்க. அதுக்கு முன்னாடி நாலஞ்சு வலை போட்டு முடிச்சிருக்கணும். பழைய மேப், பழைய அகழாய்வு ரிப்போர்ட், ஏரியல் போட்டோ எல்லாம் வெச்சு ஆஃபீஸ்ல உட்கார்ந்து பண்ற ஆய்வு ஒண்ணு. விமானத்துலேர்ந்து லேசர் அடிச்சு மரத்துக்குக் கீழ தரை எப்படி இருக்குன்னு பார்க்கிற லைடார், அப்புறம் வயல்ல நடந்து நடந்து காந்தப்புலத்தை அளக்கிற மேக்னடோமீட்டர் சர்வே, அதுக்கப்புறம் அங்கங்க நீளமான ட்ரெஞ்ச் போட்டுப் பார்க்கிறது, ஏதாவது இருந்தா முழு அகழாய்வு. இதெல்லாம் முடிஞ்சு, கட்டுமான ஆளுங்க மேல்மண்ணை எடுக்கும்போது "மிச்சம் ஏதாவது இருக்கா"ன்னு பார்க்கிறதுதான் கண்காணிப்பு. வெண்டோவர் பக்கத்துலயே வெல்விக் ஃபார்ம்ங்கிற இடத்துல 65 மீட்டர் விட்டத்துல மரத்தூண் வட்டம் ஒண்ணு, அப்புறம் முகம் குப்புற, கை கட்டின மாதிரி கிடந்த ஒரு இரும்புக்கால ஆளோட எலும்புக்கூடுன்னு 2020ல அறிவிச்சாங்களே, அந்த மாதிரி விஷயமெல்லாம் நேரம் எடுத்து, இடத்தைத் திறந்து வெச்சு, ஆளுங்க முட்டி போட்டு உட்கார்ந்து சுரண்டினாத்தான் வெளிய வரும். மெஷின் ஓடிட்டு இருக்கும்போது ஓரமா நின்னு பார்த்தா அதுல பாதி கூட கண்ணுக்குத் தெரியாது.

அதனால என் அபிப்பிராயத்தை இங்கயே சொல்லிடறேன். கண்ணுக்குத் தெரிஞ்ச, மேப்ல போட்டிருக்கிற ஒரு மண்மேட்டுக்கு வெறும் கண்காணிப்புன்னு மட்டும் ஒரு திட்டம் எழுதியிருந்தா அது போதாது, அதை மெஷின் வர்றதுக்கு முன்னாடி கையால குறுக்க வெட்டிப் பார்த்திருக்கணும். கண்காணிப்பு அந்த மேட்டுக்காக இல்ல, மேட்டைச் சுத்தி இருக்கிற, யாருக்கும் தெரியாத இடத்துக்காக. மேட்டுக்குப் பக்கத்துல ஒரு வரிசையா கம்பு நட்ட குழி இருக்கலாம், கரை கட்டுறதுக்கு முன்னாடி அங்க ஒரு வேலி இருந்திருக்கலாம், கரையில ஒரு இடைவெளி விட்டு வழி வெச்சிருந்திருக்கலாம், மேக்னடோமீட்டர்ல தெரியாத அளவுக்கு சின்ன குழி ஒண்ணு, அதுல நாலு பானை ஓட்டுத் துண்டு கிடக்கலாம். இந்த மேட்டுங்கள்ல பொருளே கிடைக்காதுங்கிறதுதான் பெரிய தலைவலி, யாரும் அங்க குடியிருக்கல, சமைக்கல, பானை உடைக்கல. அதனால பக்கத்துல கிடைக்கிற அந்த நாலு ஓடுதான் சில சமயம் கிலோமீட்டர் கணக்குல ஓடுற மேட்டுக்கே தேதி சொல்லும்.

சரி, கண்காணிப்பு நாள்ல அந்த ஆள் என்ன பண்றார்? முதல் விஷயம், மெஷினுக்கு எந்த பக்கெட் மாட்டியிருக்குன்னு பார்ப்பார். பல் வெச்ச பக்கெட்டா இருந்தா மண்ணைக் கிழிச்சுட்டுப் போகும், எதுவும் தெரியாது, பல் இல்லாத அகலமான பக்கெட் வேணும், அது வெண்ணெய் வழிக்கிற மாதிரி தரையை வழிச்சு விடும். டிரைவர் பின்னாடி பின்னாடி நகர்ந்துட்டே வரணும், வழிச்ச இடத்து மேல டிராக் ஏறக் கூடாது. ஒரு வழிப்புக்கு 10 செமீ, சில இடத்துல அதுலயும் பாதி. இவர் பக்கெட் சுத்துற வட்டத்துக்கு வெளிய நின்னு, வழிச்ச தரையில கலர் மாறுதான்னு பார்த்துட்டே இருப்பார், வெள்ளை சுண்ணாம்புப் பாறையில பழுப்பா ஒரு திட்டு, ஒரு நேர்க்கோட்டு விளிம்பு, கொஞ்சம் கரித்தூள், அவ்வளவுதான் அடையாளம். ஏதாவது தெரிஞ்சா கையைத் தூக்குவார், டிரைவர் பக்கெட்டைத் தரையில வெச்சு, கன்ட்ரோலை விட்டு கையை எடுத்துட்டு, கட்டை விரலைக் காட்டுவார், அதுக்கப்புறம்தான் உள்ள போகணும், முன்னாடி காலை வெச்சா சைட்டை விட்டே அனுப்பிடுவாங்க. போய் கொத்துக்கரண்டியால சுரண்டி, விளிம்பை ஆணியால கீறி வெச்சு, ஜிபிஎஸ்ல பாயிண்ட் எடுத்து, நம்பர் போட்டு, அளவுக்கோல் வெச்சு போட்டோ எடுத்து, கயிறு கட்டி ஒதுக்கிட்டு வந்து மறுபடி கையை ஆட்டுவார். நல்ல டிரைவர் கிடைச்சா அவரே நமக்கு முன்னாடி நிறுத்திடுவார், பக்கெட் விளிம்புல மண்ணு மாறுறது அவர் கைக்குத் தெரியும். மோசமான டிரைவர்னா, அவரைக் குத்தம் சொல்லவும் முடியாது, ஒரு நாளைக்கு இவ்வளவு லோடுன்னு மேல இருந்து பிரஷர். மழை பெய்ஞ்சா சுண்ணாம்பு கூழா ஆயிடும், வெயில் அடிச்சா தரை காய்ஞ்சு எல்லாம் ஒரே கலர். ரெண்டு நாள் காத்தும் ஈரமும் பட்டு அப்படியே கிடந்தா சில பள்ளம் தானா மேல வந்து தெரியும், ஆனா அந்த ரெண்டு நாள் கொடுக்கிறதுக்கு சைட்ல யாருக்கு மனசு வரும்.

மேட்டுக்கே வருவோம், ஏன்னா எனக்குப் பிடிச்ச விஷயம் கரையோட அடியில இருக்கு. கரையைக் குறுக்க வெட்டி சுவரை சுத்தமா செதுக்கினா, மேல புல் மண், அதுக்குக் கீழ வெட்டிக் கொட்டின வெள்ளை சுண்ணாம்புக் கல்லும் மண்ணும் கலந்து, அதுக்கும் கீழ ஒரு கைவிரல் நீளம் இருக்குமோ இருக்காதோ, ஒரு கருத்த பட்டை ஓடும். அது இரும்புக்காலத்து ஆள் கடைசியா மிதிச்ச தரை. கரை மேல விழுந்த அன்னைக்கே மூடிடுச்சு, அதுக்கப்புறம் யாரும் உழல, எதுவும் மேயல. அந்தக் காலத்துல அந்த இடம் காடா, மேய்ச்சலா, உழுத வயலாங்கிறதுக்கு சாட்சி அந்தப் பட்டைதான். சுண்ணாம்பு நிலத்துல மகரந்தம் நிக்காது, ஆனா நத்தை ஓடு நிக்கும், சில மில்லிமீட்டரே இருக்கிற குட்டி நத்தைங்க. மண்ணை பக்கெட்ல அள்ளிட்டுப் போய் தண்ணியில கரைச்சு, அரை மில்லிமீட்டர் சல்லடையில சலிச்சு, மைக்ரோஸ்கோப் கீழ ஒவ்வொண்ணா பிரிக்கணும். வலோனியா, புப்பிலா வகை நிறைய இருந்தா வெட்டவெளி புல்தரை, டிஸ்கஸ் வகை நிறைய இருந்தா நிழல், மரம். சில்டர்ன்ல ஒரு சிக்கல் இருக்கு, மலை மேல பல இடத்துல சுண்ணாம்புக்கு மேல சிக்கிமுக்கிக் கல் கலந்த களிமண் மூடியிருக்கும், அது அமிலத்தன்மை, நத்தையும் போச்சு எலும்பும் போச்சு. அதனால அதே மேட்டுல ஒரு இடத்துல எல்லா விவரமும் கிடைக்கும், கொஞ்ச தூரம் தள்ளி வெட்டினா ஒண்ணுமே கிடைக்காது. ரயில் பாதை எந்த இடத்துல வெட்டுதுங்கிறதை மண்ணைப் பார்த்து யாரும் முடிவு பண்றதில்ல.

பள்ளத்தோட கதை வேற. கரைஞ்சு விழுந்து, அடைஞ்சு, திரும்ப யாராவது தூர்வாரி, மறுபடி அடைஞ்சுன்னு போகும். நம்ம ஊர்ல கிணறு வெட்டும்போது சுவர்ல மண் அடுக்கைப் பார்த்தவங்களுக்கு இந்த வெட்டுச் சுவரைப் படிக்கிறது ஒண்ணும் புதுசு இல்ல. இதுல ஒரு அருமையான விஷயம், 1960ல வில்ட்ஷயர்ல ஓவர்டன் டவுன்ங்கிற இடத்துல ஆர்க்கியாலஜிஸ்ட்டுங்களே புதுசா ஒரு பள்ளம் வெட்டி கரை போட்டு, அது எப்படி மாறுதுன்னு குறிப்பிட்ட வருஷ இடைவெளியில குறுக்க வெட்டிப் பார்த்துட்டு வராங்க, 1963ல வேர்ஹாம்ல மணல் நிலத்துல இன்னொண்ணு. அதுலேர்ந்து தெரிஞ்சது, பள்ளத்தோட அடியில விழுற முதல் சுண்ணாம்புச் சரிவு ரொம்ப சீக்கிரம், சில வருஷத்துலயே விழுந்துடுது. அப்ப அந்த அடி அடுக்குக்குள்ள ஒரு எலும்போ கரியோ சிக்கியிருந்தா, அது பள்ளம் வெட்டின காலத்துக்கு ரொம்ப பக்கம்னு நம்பலாம். மேல் அடுக்குல கிடைக்கிற ரோமானியக் காசு, பள்ளம் எப்ப பாதி அடைஞ்சுபோயிருந்துதுன்னு மட்டும்தான் சொல்லும், எப்ப வெட்டினாங்கன்னு சொல்லாது. பத்திரிகையில "ரோமானியக் காசு கிடைச்சது, அதனால இது ரோமானியப் பள்ளம்"னு வந்தா நம்பிடாதீங்க.

தேதி விஷயத்துல இன்னொரு கஷ்டம். கரி கிடைச்சு ரேடியோகார்பன் போட்டாலும், கிமு 800லேர்ந்து 400 வரைக்கும், அந்த அளவை வருஷக் கணக்கா மாத்துற கேலிப்ரேஷன் வளைவு ஏறக்குறைய தட்டையா கிடக்கு, அந்த 400 வருஷத்துக்குள்ள எந்த சாம்பிளைப் போட்டாலும் "இதுக்குள்ள எங்கயோ"ன்னு அகலமா ஒரு பதில் வரும். கீழடி தேதி பத்தி பேச்சு வரும்போது சொல்ற கிமு 580கூட இதே தட்டையான காலத்துக்குள்ளதான் விழுது, பூமியோட வட பாதிக்கு ஒரே வளைவுதானே. இரும்புக்கால மேட்டுக்கு இது பெரிய அடி. அதனால ஓஎஸ்எல் முறைக்குப் போவோம், மண்ணுல இருக்கிற குவார்ட்ஸ் துகள் கடைசியா எப்ப வெளிச்சம் பார்த்துதுன்னு அளக்கிற முறை. ஸ்டீல் குழாயை சுவர்ல சுத்தியலால அடிச்சு இறக்கி, கறுப்பு பிளாஸ்டிக்கால மூடிகிட்டே உருவி, ரெண்டு முனையும் சீல் பண்ணி, லேபுக்கு அனுப்புவோம், அங்க சிவப்பு வெளிச்சத்துல பிரிப்பாங்க. குழாய் எங்க அடிக்கிறோம்ங்கிறதுலதான் எல்லாமே இருக்கு. கரை மண்ணுக்குள்ள அடிச்சா தப்பாப் போகும், ஏன்னா மண்வெட்டியில மொத்தமா அள்ளிக் கொட்டின கட்டிக்குள்ள இருந்த துகள் வெளிச்சமே பார்த்திருக்காது, அது பல ஆயிரம் வருஷம் பழசுன்னு சொல்லும். புதைஞ்ச தரையோட மேல்பட்டை, இல்லன்னா பள்ளத்துல மெதுவா படிஞ்ச வண்டல், இங்கதான் அடிக்கணும். அப்படி எடுத்தாலும் நூறு இருநூறு வருஷம் முன்ன பின்ன வரும். ரேடியோகார்பன், ஓஎஸ்எல், பானை ஓடு மூணும் ஒரே பக்கம் கை காட்டினா தைரியமா எழுதலாம், ஒண்ணு மட்டும் இருந்தா "இருக்கலாம்"னுதான் எழுதணும்.

இப்ப அதிகாரம். சாதாரணமா இங்க இந்த மாதிரி மேடு பழங்காலச் சின்னங்களுக்கான 1979 சட்டத்துல பாதுகாக்கப்பட்ட சின்னம், தொடணும்னாலே தனி அனுமதி வாங்கணும், இல்லன்னா கிரிமினல் குத்தம். ஆனா எச்எஸ்2க்கு 2017ல பார்லிமென்டே தனிச் சட்டம் போட்டு, பாதையில வர்ற சின்னங்களுக்கு அந்த அனுமதி தேவையில்லன்னு விலக்கிட்டுது. அதுக்கு பதிலா திட்டத்துக்குள்ளயே ஒரு தொல்லியல் உறுதிமொழி, ஒரு ஆய்வுத் திட்டம், பழைய சின்னங்களைப் பத்தி அரசுக்கு ஆலோசனை சொல்ற ஹிஸ்டாரிக் இங்கிலாந்து அமைப்போட ஆலோசனைன்னு வெச்சிருக்காங்க. அதாவது "எடுக்கலாமா வேணாமா"ங்கிறது ட்ரெஞ்சுல முடிவாகிறது இல்ல, அது முன்னாடியே முடிஞ்சுபோச்சு, களத்துல நிக்கிறவர் கேட்கிறது "எடுக்கிறதுக்கு முன்னாடி எனக்கு எவ்வளவு நேரம்"ங்கிறது மட்டும்தான். அந்த நேரம் முன்கூட்டியே எழுதி ஒப்புக்கிட்ட வேலைத்திட்டத்துல இருந்தா அவர் கையைத் தூக்கினா எல்லாரும் நிறுத்துவாங்க, எழுத்துல இல்லன்னா ஃபோன் மேல ஃபோன் போட்டு கெஞ்சணும். ரெண்டு மாதிரி சைட்டும் பார்த்திருக்கேன். உங்க ரப்பர் ஸ்டாம்ப் சந்தேகம் ரெண்டாவது வகைக்கு நூத்துக்கு நூறு பொருந்தும். ஒரு சைட் எந்த வகைன்னு தெரிஞ்சுக்கணும்னா "கண்காணிப்பு உண்டா"ன்னு கேட்காதீங்க, "ஏதாவது கிடைச்சா எத்தனை நாள் நிறுத்துவீங்க, அதுக்கு பணம் யார் தருவாங்க"ன்னு கேளுங்க. இங்க 1990லேர்ந்து கட்டுறவங்கதான் ஆய்வுக்குப் பணம் தரணும்ங்கிறது நடைமுறை, நல்ல ஏற்பாடுதான், ஆனா பணம் தர்றவரே அவசரப்படுறவராவும் இருக்கார்.

இதெல்லாம் இல்லாத காலத்துல ரயில் என்ன பண்ணும்னு நமக்கு நல்லாவே தெரியும். ஹரப்பாவுல லாகூர் முல்தான் பாதை போட்டப்போ மேட்டைத் தோண்டி செங்கல்லை எடுத்துட்டுப் போய் தண்டவாளத்துக்கு அடியில கொட்டினாங்க, ஏறக்குறைய 100 மைல் பாதைக்கு அது போதுமானதா இருந்துதுன்னு இந்தியத் தொல்லியல் துறையோட முதல் தலைவர் அலெக்சாண்டர் கன்னிங்ஹாம் எழுதி வெச்சிருக்கார். அது என்ன ஊருன்னு உலகத்துக்குத் தெரிஞ்சது 1920கள்ல. அதே ரயில் இன்னொரு மாதிரியும் உதவியிருக்கு, லண்டன்லேர்ந்து சேனல் சுரங்கத்துக்குப் போற முதல் அதிவேகப் பாதை வேலையில 2003ல கென்ட்ல எப்ஸ்ஃப்லீட்ல சுமார் 4,20,000 வருஷம் பழைய யானை எலும்பும் சுத்தி சிக்கிமுக்கிக் கருவியும் கிடைச்சது, அந்தப் பாதை வரலன்னா அந்த இடத்தை அவ்வளவு ஆழத்துக்கு வெட்ட எந்த யுனிவர்சிட்டிகிட்டயும் பணம் இருந்திருக்காது. இதை வெச்சு "அப்ப ரயில் நல்லதுதான்"னு சொல்ல வரல. மேட்டுல வெட்டி எடுத்த பகுதி திரும்பி வராது, இனிமே புது முறை எது வந்தாலும் அந்த இடத்துல சோதிக்க மண்ணு இல்ல, நாம எடுத்து வெச்ச சாம்பிளும் நோட்ஸும்தான் மிச்சம். அதனாலதான் சாம்பிள் விஷயத்துல நான் பிடிவாதமா இருப்பேன், பொருள் எதுவும் கிடைக்காத நாள்லயும் மண்ணை மூட்டை கட்டி எடுத்துட்டு வருவோம்.

கடைசியா நீங்க கேட்ட "சாதாரண ஆளு எங்க பார்க்கிறது". முழு ரிப்போர்ட் வர வருஷக்கணக்குல ஆகும், வந்தா யார்க்ல இருக்கிற ஆர்க்கியாலஜி டேட்டா சர்வீஸ் வெப்சைட்ல இலவசமா படிக்கலாம், சுருக்கத்தை விட்டுட்டு நேரா வெட்டுச் சுவர் படத்துக்கும் தேதி அட்டவணைக்கும் போங்க, எத்தனை சாம்பிள், எந்த அடுக்குலேர்ந்துன்னு பார்த்தாலே வேலை ஒழுங்கா நடந்துதா இல்லையான்னு தெரிஞ்சுடும். லைடார் படம் இங்கிலாந்து என்விரான்மென்ட் ஏஜென்சி சும்மாவே தருது. நேர்ல மிதிச்சுப் பார்க்கணும்னா ரயில் சைட் பக்கம் போகாதீங்க, ஆக்ஸ்ஃபோர்ட்ஷயர்ல மாங்வெல்லேர்ந்து நஃபீல்ட் பக்கம் போற ரிட்ஜ்வே நடைபாதை இன்னொரு கிரிம்ஸ் டிச் மேலயே போகுது, இலை உதிர்ந்த மாசமா பார்த்துப் போங்க, கோடைக்காலத்துல செடி கொடி மூடி பள்ளம் எது கரை எதுன்னே தெரியாது.